கோப்புகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது

மேசை மேல் ஒரு சிடியை வைத்துவிட்டு, "இதுல எல்லாமே இருக்கு. நீங்க பழைய சர்வரைத் தொடவே வேண்டாம்" என்றார் மேலாளர். உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் 'கட்டுரைக் காப்பு, முழுவதும்' என்று எழுதி அடியில் தேதியும் போட்டிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் வெளியாள் ஒருவரை வைத்து எடுத்த காப்பு.

சென்னையில் ஒரு பழைய வார இதழின் அலுவலகம் அது. பெயர் வேண்டாம். அச்சு நின்றுவிட்டது, இத்தனை வருடம் வெளிவந்த கதை, கட்டுரை, தொடர், வாசகர் கடிதம் எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும், தொகுப்பு நூல்களாகவும் கொண்டுவர வேண்டும் என்று உரிமையாளரின் மகள் முடிவு செய்திருந்தார். எழுத்து முழுக்க ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 11ஜி பதிப்பில் கிடந்தது. அதைத் தாங்கும் சர்வருக்கோ வயதாகிவிட்டது. ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடுப்பது என் வேலை.

கட்டிவைத்த பழைய இதழ்களைப் பார்த்து ஒப்பிடலாமே என்று கேட்டேன். தரைத்தளக் கிடங்கில் இருந்த தொகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப்போய் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். அதைக் கேட்டதும் சிடியைப் பார்க்கும் என் பார்வையே மாறிவிட்டது. காகிதத்தில் இல்லாத எழுத்து, டேட்டாபேஸில் பதிவுகள் இருக்கும் இந்த டேபிளை விட்டால் வேறெங்கும் இல்லை.

சிடியைத் திறந்தேன். டேபிளில் 41,286 பதிவுகள். சிடியிலும் 41,286 கோப்புகள். மேலாளருக்கு நிம்மதி. எனக்கு உறுத்தியது வேறு. அத்தனை கோப்பையும் சேர்த்துக் கூட்டினால் பத்து எம்பிகூட வரவில்லை. இத்தனை வருட வார இதழ் பத்து எம்பியில் அடங்காது.

அந்த நேரத்தில் பக்கத்து மேசையிலிருந்து மெய்ப்புப் பார்க்கும் அக்கா எழுந்து வந்தார். கம்போசிங்கில் ஆரம்பித்து, டிடிபிக்கு மாறி, கடைசி இதழ் வரைக்கும் மெய்ப்புப் பார்த்தவர். தனக்குப் பிடித்த ஒரு சிறுகதையின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னார். கோப்பு கிடைத்தது, திறந்தேன்.

"தலைப்பு இருக்கு. முதல் வரி இருக்கு. மிச்சம் எங்க தம்பி?"

மிச்சம் இல்லை. அடுத்த கோப்பிலும் இல்லை. 41,286 கோப்பிலும் முதல் ஓரிரு வரிதான் இருந்தது.

என்ன நடந்திருக்கும் என்று ஆரக்கிளில் புழங்கியவர்களுக்கு உடனே புரியும். நீளமான உரையை ஆரக்கிள் 'கிளாப்' என்ற வகைப் பத்தியில் (டேபிளின் நெடுவரிசையில்) வைக்கும். ஆரக்கிளோடு வரும் எஸ்க்யூஎல் பிளஸ் என்ற கட்டளைக் கருவியில் அந்தப் பத்தியைக் கேட்டால் முழுவதையும் காட்டாது. எவ்வளவு காட்டலாம் என்பதற்கு 'லாங்' என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு 80. வெறும் எண்பது. அதை 200 கோடி வரை ஏற்றலாம், ஒரே வரி கட்டளை. அந்த ஒரு வரியை யாரோ போடவில்லை. எரர் எதுவும் வராது, எச்சரிக்கையும் வராது. ஸ்பூல், அதாவது திரையில் வருவதைக் கோப்பில் எழுதும் வேலை, அமைதியாக ஓடி முடிந்து, கோப்புகள் எண்ணிக்கை பிசகாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சிடி எழுதி, உறை போட்டு, தேதி குறித்து, பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். இத்தனை காலம் காப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் அந்த ஒற்றை சர்வர் ஓடியிருக்கிறது. எனக்குக் கோபத்தைவிட நடுக்கம்தான் அதிகம் வந்தது. நடுவில் ஒரு நாள் டிஸ்க் போயிருந்தால்?

சரி, அந்த 80-ஐ ஏற்றிவிட்டு ஸ்பூலையே ஓட்டலாமே என்று கேட்பீர்கள். உரைநடைக்கு அது ஒத்துவராது. ஒரு வரியின் நீளத்துக்கு எஸ்க்யூஎல் பிளஸ் வைத்திருக்கும் உச்சம் 32,767. அதைத் தாண்டினால் தானாகவே மடக்கிவிடும். மடக்கிய இடத்தில் மூலத்தில் இல்லாத வரிமுறிவு வந்து சேரும். இன்னொன்று, இயங்கும் கணினியில் என்எல்எஸ் லாங் (மேலே சொன்ன லாங் வேறு) என்ற சூழல் மாறியை யூடிஎஃப்-8, அதாவது யூனிகோடை பைட்டாக எழுதும் முறை, என்று சொல்லி வைக்காவிட்டால், லினக்ஸில் அது வெறும் ஆங்கில எழுத்துக்கணம் என்று எடுத்துக்கொண்டு தமிழ் முழுவதையும் கேள்விக்குறிகளாக எழுதித் தள்ளும். அதையும் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு முழு ஃபோல்டர் நிறைய கேள்விக்குறி.

அதனால் சர்வருக்குள்ளேயே ஆரக்கிளின் நிரல்மொழியான பிஎல்எஸ்க்யூஎல்லில் ஒரு புரொசீஜர் (சிறு நிரல்) எழுதுவது என்று முடிவு செய்தேன். வெளியிலிருந்து பைத்தானில் இணைந்து எடுப்பது இன்னும் சுலபம், ஆனால் அந்த நெட்வொர்க்கில் வெளி இணைப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. சர்வருக்குள் கோப்பு எழுத யூடிஎல் ஃபைல் என்ற பொதி (பேக்கேஜ்) உண்டு. முதல்முறை பயன்படுத்துபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அது எழுதும் கோப்பு உங்கள் மடிக்கணினியில் வராது, டேட்டாபேஸ் ஓடும் சர்வரில்தான் வரும். அங்கே ஒரு ஃபோல்டரை உருவாக்கி, ஆரக்கிள் ஓடும் பயனருக்கு அதில் எழுத உரிமை கொடுத்து, டேட்டாபேஸுக்குள் அதை ஒரு டைரக்டரியாகப் பதிவு செய்ய வேண்டும். ஃபோல்டரோ உரிமையோ இல்லாவிட்டால் எரர் 29283 வரும், டைரக்டரியாகப் பதிவு செய்யாவிட்டால் 29280 வரும். ஆண்டுவாரியாக ஃபோல்டர் பிரிக்க வேண்டுமென்றால் ஃபோல்டரை நாமே கையால் உண்டாக்கி வைக்க வேண்டும். அந்தப் பொதிக்கு ஃபோல்டர் உண்டாக்கத் தெரியாது.

இதற்கு முன் ஒரு மருத்துவ அறிக்கைத் தொகுப்பை இதே வழியில் எடுத்திருக்கிறேன். முழுக்க ஆங்கிலம். அந்த புரொசீஜரையே கொண்டுவந்து ஓட்டினேன். முதல் பெரிய கட்டுரையிலேயே 06502 என்று எரர் வந்து நின்றது.

இங்கேதான் தமிழ் உள்ளே வருகிறது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து. மூன்று, ஐந்து, பதினைந்து, மூன்றும் ஒரே சொல்லின் நீளம்தான். யார் எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் எல்லாச் சிக்கலும். கிளாப் பத்தியிலிருந்து துண்டு துண்டாகப் படிக்கும்போது 'இத்தனை எழுத்து கொடு' என்று கேட்கிறோம். அது யூனிகோட் கணக்கு. வாங்கி வைக்கும் மாறியின் கொள்ளளவோ 32,767 பைட். ஆங்கிலத்தில் ஒரு எழுத்து ஒரு பைட் என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். தமிழில் 10,922-க்கு மேல் கொள்ளாது. என் பழைய புரொசீஜர் ஒரே வாயில் 32,767 எழுத்து கேட்டுக்கொண்டிருந்தது.

துண்டை 10,000 என்று குறைத்தேன். ஓடியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது, இப்போது 29285, கோப்பில் எழுத முடியவில்லை என்று. டிஸ்கில் இடம் இருந்தது, உரிமையும் இருந்தது. நின்ற பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது எல்லாமே பிற்கால ஆண்டுகளுடையவை. அந்தக் காலத்தில் அவர்கள் ஒரு வலை எடிட்டருக்கு மாறியிருக்கிறார்கள். அது பத்திகளுக்கு ஹெச்டிஎம்எல் குறி மட்டும் போட்டுவிட்டு என்டரே இல்லாமல் முழுக் கட்டுரையையும் ஒரே நீள வரியாகச் சேமித்திருக்கிறது. யூடிஎல் ஃபைல் சாதாரண முறையில் திறந்த கோப்பில் ஒரு வரி 32,767 பைட்டைத் தாண்டக்கூடாது. நான் பத்தாயிரம் பத்தாயிரமாகக் கொடுத்தாலும், நடுவில் வரிமுறிவு வராதவரை அது ஒரே வரியாகத்தான் கூட்டிக்கொண்டே போகும். இரண்டாவது துண்டிலேயே 60,000 பைட் ஆகிவிடும்.

அவசரத்தில் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு வரிமுறிவு போட்டுவிட்டேன். எரர் போய்விட்டது. 41,286 கோப்பு வந்தது. மொத்த அளவும் நியாயமாக இருந்தது. மாலையில் அக்காவிடம் ஒரு தொடர்கதையின் கோப்பைத் திறந்து காட்டினேன். அவர் படிக்கவில்லை. உருட்டினார். மெய்ப்புப் பார்க்கிறவர்களின் கண் அப்படித்தான் போகும், சொல்லைத் தேடாது, பிசிறைத் தேடும். ஓரிடத்தில் நிறுத்தி நகத்தால் திரையைத் தொட்டார்.

'கொடுத்தான்' என்ற சொல். ஒரு வரியின் கடைசியில் 'க' தனியாக நின்றது. அடுத்த வரி, ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றி ஒகரக் குறியும் அதன்பின் 'டுத்தான்' என்பதுமாகத் தொடங்கியது. உயிர்மெய்யின் நடுவில் வெட்டியிருந்தேன்.

"இப்படி ஒரு பக்கம் அச்சுக்குப் போனா எழுதினவர் உயிரோட இருந்தா என்ன நினைப்பார்?" என்றார். அவர் என்னைத் திட்டவில்லை, உண்மையிலேயே கேட்டார். அந்தத் தொடரை எழுதியவர் இப்போது இல்லை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பத்தாயிரத்துக்கு ஒரு வெட்டு. ஒரே பதிவாகச் சேமித்திருந்த நீளமான தொடர்கதையில் யூனிகோட் கணக்குப்படி ஆறு லட்சத்துக்கு மேல் இருந்தது, அதாவது அறுபது இடத்துக்கும் மேல் மூலத்தில் இல்லாத வரிமுறிவு. சில இடத்தில் சொல்லுக்கு நடுவில், சில இடத்தில் எழுத்துக்கு நடுவில். வாசகர் கடிதங்களில் இன்னொரு ஆபத்து. பிற்காலக் கடிதங்களில் இமோஜி இருந்தது. யூடிஎஃப்-8 டேட்டாபேஸாக இருந்தாலும் ஆரக்கிள் கிளாப்பை உள்ளுக்குள் எழுத்துக்கு இரண்டு பைட்டாகத்தான் வைத்துக்கொள்கிறது. இமோஜிக்கு மட்டும் இரண்டு இடம் வேண்டும். வெட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்தால் எழுத்தே சிதைந்துவிடும்.

அந்த இரண்டு பைட் விஷயத்தில் பக்கத்தில் ஒரு தகவல், டிஸ்க் ஒதுக்கும்போது உதவும். தமிழ் உரை கிளாப்புக்குள் எழுத்துக்கு இரண்டு பைட், வெளியே யூடிஎஃப்-8 கோப்பில் மூன்று பைட். டேட்டாபேஸில் பார்த்த அளவைப்போல ஒன்றரை மடங்கு வெளியே வேண்டும். ஆங்கிலமானால் நேர்மாறு, பாதியாகக் குறையும். டேட்டாபேஸ் அளவை வைத்து டிஸ்க் கேட்டால் தமிழுக்கு இடம் பற்றாமல் போகும். நான் முதலில் அப்படித்தான் கேட்டேன், பிறகு கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

சரியான வழி எழுத்தாகவே எழுதாமல் இருப்பதுதான். கிளாப்பை முதலில் பிளாப்பாக, அதாவது வெறும் பைட் தொகுதியாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு டிபிஎம்எஸ் லாப் பொதியிலேயே 'கன்வர்ட் டு பிளாப்' என்று ஒரு புரொசீஜர் இருக்கிறது. எந்த எழுத்துக்கணத்தில் வேண்டும் என்று அதற்கு எண்ணாகச் சொல்ல வேண்டும். முழு யூனிகோட் யூடிஎஃப்-8-க்கு ஆரக்கிளின் எண் 873. பிறகு கோப்பை பைனரி முறையில் திறந்து, 32,767 பைட் 32,767 பைட்டாக யூடிஎல் ஃபைலின் 'புட் ரா' வழியாக எழுத வேண்டும். இதில் வெட்டு எழுத்தின் நடுவில் விழுந்தாலும் கவலையில்லை. அடுத்த துண்டு அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும், இடையில் எதுவும் நுழையாது. பைனரி முறையில் வரி என்ற பேச்சே இல்லாததால் வரி நீளத்துக்கு வரம்பும் கிடையாது. விண்டோஸ் சர்வராக இருந்தால் வரிமுறிவுக்கு முன் ஒரு கூடுதல் பைட்டைச் செருகும் பழக்கமும் இந்த முறையில் வராது.

புதிய பதிப்பு ஆரக்கிள் வைத்திருப்பவர்கள் இவ்வளவு கஷ்டப்பட வேண்டாம். டிபிஎம்எஸ் லாப் பொதியிலேயே 'கிளாப் டு ஃபைல்' என்று நேரடியாகவே வந்துவிட்டது. பழைய பதிப்புகளில் அது எக்ஸ்எம்எல் சம்பந்தப்பட்ட பொதி ஒன்றுக்குள் இருந்தது. நான் வேலை செய்த சர்வரில் அந்தப் பகுதியை நிறுவவில்லை. பைத்தான் வழி கிடைத்தால் இன்னும் எளிது: லாப்களை (கிளாப், பிளாப் இரண்டுக்கும் பொதுப் பெயர்) சரமாகவே கொடு என்று ஓர் அமைப்பை மாற்றினால் போதும். ஆனால் கோப்பைத் திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், விண்டோஸில் அது தானாக அமையும் என்று நம்ப வேண்டாம். மைஎஸ்க்யூஎல்காரர்களுக்கு 'அவுட்ஃபைல்' கட்டளை கண்ணில் படும், ஆனால் அது உரைக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிமுறிவுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துவிடும். ஒரு பதிவை மாற்றமில்லாமல் எடுக்க 'டம்ப்ஃபைல்' தான் சரி.

பைனரி முறையில் எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் நின்றிருந்தது. 01652, தற்காலிக டேபிள்ஸ்பேஸ், அதாவது இடைக்கால வேலைக்கு டேட்டாபேஸ் வைத்திருக்கும் இடம், நிரம்பிவிட்டது. பிளாப்பாக மாற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தற்காலிக லாப் உண்டாகிறது. எழுதி முடித்ததும் அதை விடுவிக்க வேண்டும். நான் பதிவுக்குப் பதிவு திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே, கடைசியில் ஒரே ஒருமுறை விடுவித்திருந்தேன். ஒரு வரியை லூப்புக்குள் நகர்த்தியதும் சரியாயிற்று. அன்றைய சனிக்கிழமை அதற்கே போய்விட்டது.

கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் கொஞ்சம் பேச்சு நடந்தது. கட்டுரைத் தலைப்பையே பெயராக வைத்தால் தேட வசதி என்றார் மேலாளர். ஆசை நியாயம்தான். ஆனால் லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகாது. மூன்றால் வகுத்தால் 85, அதுவும் குறிகளைச் சேர்த்து எண்ணி. அந்தக் காலத்து வாசகர் கடிதத் தலைப்புகள் சில அதைவிட நீளம். சாய்கோடு உள்ள தலைப்பு இருந்தால் அது ஃபோல்டர் பிரிப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஒரே தலைப்பில் இரண்டு கவிதை இருந்தால் பிந்தியது முந்தியதை அழித்துவிடும். இது எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் எரரே வராது. பதிவு எண்ணையே கோப்பின் பெயராக வைத்தேன். ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர். தலைப்பு, ஆசிரியர், இதழ் தேதி எல்லாம் தனியே ஒரு பட்டியல் கோப்பில், ஒவ்வொரு வரியிலும் பதிவு எண்ணோடு. தேடுவதற்கு அந்தப் பட்டியல் போதும்.

இனி ஒப்பிடுவது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். அந்தச் சிடியை எடுத்தவர் செய்ததெல்லாம் எண்ணிப் பார்த்தது மட்டும். எண்ணிக்கை சரியாக இருந்தது. நீளத்தை ஒப்பிட்டிருந்தாலாவது பிடிபட்டிருக்கும். ஆனால் நீளமும் முழுச் சாட்சி ஆகாது. டேட்டாபேஸ் சொல்வது எழுத்துக் கணக்கு, கோப்பு சொல்வது பைட் கணக்கு, இமோஜி வந்தால் எழுத்துக் கணக்கும் இரண்டு பக்கம் ஒத்துவராது. கேள்விக்குறியாக மாறிய உரைக்கும் எழுத்துக் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தும். அதனால் செக்சம்தான் ஒரே வழி. ஹேஷ் என்றும் சொல்வார்கள், ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து உள்ளடக்கத்துக்குப் போடும் கைரேகை மாதிரி.

ஆரக்கிளில் டிபிஎம்எஸ் கிரிப்டோ என்று ஒரு பொதி இருக்கிறது. நிர்வாகியிடம் கேட்டு உரிமை வாங்க வேண்டும், சும்மா திறந்திருக்காது. அதற்கு ஒரு கிளாப்பை நேராகக் கொடுத்தால், முதலில் அதை யூடிஎஃப்-8-ஆக மாற்றிக்கொண்டு, அதன்மேல்தான் ஹேஷ் போடும். நமக்கு வேண்டியதும் அதுவே. டேட்டாபேஸுக்குள் கிளாப்பின்மேல் எஸ்ஹெச்ஏ-1 என்ற ஹேஷ் முறையைப் போட்டால் வரும் நாற்பது இலக்கமும், வெளியே லினக்ஸில் அந்தக் கோப்பின்மேல் போட்டால் வரும் நாற்பது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் ஒத்துவராது. 11ஜி-யில் எஸ்ஹெச்ஏ-1 வரைதான் உண்டு, அடுத்த பதிப்பான 12சி-யில்தான் எஸ்ஹெச்ஏ-256 வந்தது. யாராவது வேண்டுமென்றே ஏமாற்றக்கூடிய இடத்தில் எஸ்ஹெச்ஏ-1 இப்போது போதாது. பிரதியில் பிசகு உண்டா என்று பார்க்கத் தாராளமாகப் போதும்.

ஹேஷையும் அந்தப் பட்டியல் கோப்பிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்தேன். திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் சொன்ன ஹேஷ் பட்டியலையும் கோப்புகளின்மேல் போட்ட ஹேஷ் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினேன். 41,286-இல் 17 ஒத்துவரவில்லை.

பதினேழையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்று கோப்பில் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் கூடுதலாக இருந்தது. அந்த ஃபோல்டரைப் பகிர்ந்து வைத்திருந்தேன். அலுவலகத்தில் ஒருவர் ஆர்வத்தில் நோட்பேடில் திறந்து படித்துவிட்டு, மூடும்போது சேமித்திருக்கிறார். பழைய விண்டோஸ் நோட்பேட் யூடிஎஃப்-8-ஆகச் சேமித்தால் தொடக்கத்தில் அந்த மூன்று பைட் அடையாளத்தைப் போட்டுவிடும். உரையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனாலும் ஹேஷ் பிடித்துக்கொடுத்தது.

மிச்சம் பதினான்கு. கோப்பையும் டேபிளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். 'கறுப்பு', 'கருப்பு' என்பது போன்ற இடங்கள். ஒற்று மிகும் இடத்தில் மிகாமல் விட்டது. எல்லாமே கோப்பில் பிழையாகவும் டேபிளில் திருத்தமாகவும் இருந்தது. அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"ஆமா தம்பி, நான்தான் திருத்தினேன். நீங்க காட்டும்போது கண்ணுல பட்டுது. விட்டுட்டுப் போக மனசு வரலை."

கோப்பு எடுத்த பிறகு அவர் பழைய மென்பொருளில் உள்ளே போய் மூலத்தையே திருத்திக்கொண்டிருந்திருக்கிறார். அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. அவர் கண் அப்படி இருந்ததால்தான் அந்தச் சிடியும் பிடிபட்டது, 'கொடுத்தான்' என்ற சொல்லும் பிடிபட்டது. தவறு என்னுடையது, ஓடும் டேபிளிலிருந்து எடுத்திருக்கக்கூடாது. 11ஜி-யில் ஒரு டேபிளை வாசிக்க மட்டும் என்று பூட்ட ஒரே ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டு, பதினேழையும் மறுபடி எடுத்து, மொத்தத்தையும் இன்னொருமுறை ஒப்பிட்டேன். ஒத்துவராதவை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைத் திரையில் பார்த்தபோது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

காலியான பதிவுகளைப் பற்றி ஒரு சொல். ஒன்றுமே இல்லாத பத்தியும் நீளம் பூஜ்யமான பத்தியும் ஆரக்கிளில் வெவ்வேறு. இரண்டும் கொஞ்சம் இருந்தன. படம் மட்டும் வந்த பக்கங்கள். அவற்றை மாற்றும் வேலைக்கே அனுப்பாமல், பட்டியலில் 'உரை இல்லை' என்று குறித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு தொகுதி மிஞ்சியது. ஆறாயிரத்துக்குக் கிட்டத்தட்ட, எல்லாம் இதழ் யூனிகோடுக்கு வருவதற்கு முந்தைய பதிவுகள். பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டியவை. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் குப்பை போலத் தெரியும். எடுக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று மேலாளர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எடுப்பது ஒரு வேலை, மாற்றுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஹேஷ் ஒப்பிட முடியாது, பிழை வந்தால் எந்த வேலையில் வந்தது என்றும் தெரியாது. இருந்தது இருந்தபடியே எடுத்துத் தனி ஃபோல்டரில் வைத்தேன். ஹேஷ் அதற்கும் ஒத்துவந்தது.

பிறகு அவற்றை யூனிகோடுக்குத் தனியே மாற்றினேன். மாற்றியதைச் சரிபார்க்க மட்டும் வழி தெரியாமல் இருந்தது. எதோடு ஒப்பிடுவது? காகிதமும் இல்லை. ஒரு கோப்பை வெறும் எடிட்டரில் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா பின்னால் வந்து நின்று, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

"'தமிழ் படிக்க வந்த பொண்ணு...' இது அந்த மலைக்கிராமத்துக் கதையில்ல?"

திரையில் இருந்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஐந்து விசை, ஐந்து பைட், தமிழ் என்ற சொல். அவர் விரல் அந்த விசைகளில் இத்தனை வருடம் ஓடியிருக்கிறது. எழுத்துரு இல்லாமலே அவருக்குத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்த அந்தக் கதையைக் கடைசிப் பத்தி வரைக்கும் வாய்விட்டுத் தமிழில் வாசித்தார். நான் மாற்றிய யூனிகோட் பிரதியை இன்னொரு திரையில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பின்தொடர்ந்தேன். இரண்டு இடத்தில் என் மாற்றும் நிரல் தவறியிருந்தது, இரண்டும் ஔகாரம்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். அவர் வாசிக்க, நான் பார்க்க, ஒரு நாளைக்கு இருபது கோப்பு வரை முடிகிறது. பழைய சர்வரை இன்னும் அணைக்கவில்லை. கடைசி ஃபோல்டர் முடியும்வரை அணைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.